கிளைக்கு ஓர் எண்: ஜெனீவாவில் நான்கு நாட்கள்

பெயர் பிறந்த கதை – தொடர் 9

1849ஆம் ஆண்டு, எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் என்ற 24 வயது ஆங்கிலேயர் ஒரு வாயுவைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். எத்தில் அயோடைடையும் துத்தநாகத்தையும் தடித்த கண்ணாடிக் குழாயில் போட்டு, அதன் வாயை உருக்கி மூடிச் சூடாக்கினார். அயோடினைத் துத்தநாகம் பறித்துக்கொண்டது. மிஞ்சிய வாயுவுக்கு 'எத்தில்' என்று பெயர் வைத்தார்.

அவர் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மாறாமல் ஒரு சேர்மத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் துண்டுகளுக்கு அன்றைய வேதியியலர்கள் 'ராடிகல்' என்று பேரிட்டிருந்தார்கள். அதைத் தனியாகப் பிடித்துக் காட்டுவது அந்தத் தலைமுறையின் கனவு. அதே ஆண்டு ஜெர்மனியில் ஹெர்மன் கோல்பே, அசிட்டிக் அமிலத்தின் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, 'மெத்தில்' கிடைத்துவிட்டது என்றார்.

இருவர் கையிலும் கிடைத்தது வேறு. துண்டுகள் தனியாக நிற்கவில்லை, இரண்டிரண்டாகச் சேர்ந்துகொண்டன. கோல்பேயின் 'மெத்தில்' இன்றைய ஈத்தேன். ஃபிராங்க்லண்டின் 'எத்தில்' இன்றைய பியூட்டேன், நம் சமையல் எரிவாயு சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்று.

தவறு பிடிபட 15 ஆண்டுகள் ஆயின. பிடித்தவர் கார்ல் ஷோர்லெம்மர். டார்ம்ஷ்டாட் நகரத்துக்காரர், 1859இல் உதவியாளர் வேலைக்காக மான்செஸ்டர் வந்தவர், மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நெருங்கிய நண்பர். 'மெத்தில்' என்று ஒரு வாயுவும் 'எத்தில் ஹைட்ரைடு' என்று இன்னொரு வாயுவும் புத்தகங்களில் தனித்தனியே இருந்தன. இரண்டும் ஒன்றே என்று 1864இல் அவர் சோதனையில் நிறுவினார். ஒரே பொருள் இரண்டு பெயரோடு இரண்டு பக்கங்களில் குடியிருந்திருக்கிறது!

இது ஒரு விபத்தாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அந்தக் காலப் பெயர்களே அப்படித்தான் பிறந்தன. எந்தப் பொருளிலிருந்து கிடைத்ததோ அதன் சாயல் பெயரில் ஒட்டிக்கொள்ளும். வெண்ணெயின் லத்தீன் பெயரிலிருந்து பியூட்டிரிக் அமிலம்; அதிலிருந்து பியூட்டில். மாவுச்சத்தின் லத்தீன் பெயரிலிருந்து அமைல். மதுவுக்கும் மரத்துக்கும் உரிய கிரேக்கச் சொற்களைக் கோத்து 1834இல் துமாவும் பெலிகோவும் உண்டாக்கியது மெத்திலின். அதன் வழிவந்தது மெத்தில். பெயரைக் கேட்டால் பொருள் வந்த அடுப்படி தெரியும். உள்ளே கார்பன்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியாது.

1855இல் பாரிசில் அடால்ஃப் வூர்ட்ஸ் சோடியத்தைக் கொண்டு இரண்டு வெவ்வேறு துண்டுகளை ஒட்டவைக்கும் வழியைக் கண்டார். இன்றும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் படிக்கும் அதே வூர்ட்ஸ் வினை. கிடைத்த நீர்மங்களுக்கு 'எத்தில்-பியூட்டில்', 'எத்தில்-அமைல்' என்று ஒட்டிய துண்டுகளின் பெயரையே சேர்த்து வைத்தார். ஒரு சிக்கல்: அவருடைய பியூட்டில் மது தயாரிப்பில் மிஞ்சும் எண்ணெயிலிருந்து வந்தது. அது நேரான சங்கிலி அல்ல, கிளை உள்ளது. ஆகவே அவருடைய 'எத்தில்-பியூட்டில்' நேரான ஹெக்சேன் அல்ல. இன்று நாம் 2-மெத்தில்பென்டேன் என்று சொல்லும் பொருள். பெயரை வைத்துக்கொண்டு இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

1866இல் அகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். ஹைட்ரஜன் குறையக் குறையப் பெயரின் கடைசி உயிரெழுத்து ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஆங்கில வரிசையில் நகரும் என்பது அவர் யோசனை. மீத்தேன், ஈத்தேன், புரப்பேன் அந்த ஏற்பாட்டில் வந்தவை. நான்கு கார்பனுக்கு 'குவார்ட்டேன்', ஐந்துக்கு 'குவின்டேன்', ஆறுக்கு 'செக்ஸ்டேன்' என்று லத்தீன் எண்களை எடுத்தார். முடிவெழுத்துகளில் சில நிலைத்தன. லத்தீன் எண்கள் நிலைக்கவில்லை. நான்குக்கு வெண்ணெயே வென்றது. ஐந்திலிருந்து கிரேக்க எண்கள் வந்தன: பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன்.

இந்த ஒழுங்கு கார்பன்களை எண்ணியது. கிளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிளைகளின் பக்கம் கவனத்தைத் திருப்பியவர் கசான் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் புட்லெரோவ். ஒரு கார்பன் நான்கு கைகளால் பிணையும் என்று 1858இல் கெக்குலே எழுதியிருந்தார். அப்படியானால் நான்கு கார்பனையும் 10 ஹைட்ரஜனையும் இரண்டே விதமாகத்தான் கோக்க முடியும்: வரிசையாக நான்கு, அல்லது மூன்றின் நடுவில் ஒன்று கிளையாக. ஃபிராங்க்லண்டின் பியூட்டேன் முதலாவது. இரண்டாவதும் இருந்தாக வேண்டும் என்று புட்லெரோவ் கணித்தார். 1860களின் பிற்பாதியில் தன் கையாலேயே அதைத் தயாரித்தும் காட்டினார். 1870 வாக்கில் அவருடைய மாணவர் ல்வோவ், நடுக் கார்பனைச் சுற்றி நான்கு மெத்தில்கள் நிற்கும் பென்டேனை உருவாக்கினார்.

வெறும் தாள் கணக்கல்ல இது. நேரான பென்டேன் 36 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஒரு கிளை உள்ளது 28 டிகிரியில். ல்வோவ் செய்தது 9.5 டிகிரியிலேயே வாயுவாகிவிடும். மூன்றிலும் அதே ஐந்து கார்பன், அதே 12 ஹைட்ரஜன். கிளை கூடக் கூட மூலக்கூறு உருண்டையாகிறது, பக்கத்து மூலக்கூறோடு ஒட்டி உரசும் பரப்பு குறைகிறது, பிடிப்பும் தளர்கிறது. இப்படி ஒரே வாய்பாடும் வேறு வேறு அமைப்பும் கொண்டவற்றைத்தான் மாற்றியங்கள் என்கிறோம்.

மாற்றியங்களுக்கு முன்னொட்டுகள் பிறந்தன. நேரானது 'நார்மல்', ஓரத்தில் ஒரு கிளை இருந்தால் 'ஐசோ', ல்வோவின் வகைக்கு 'நியோ'. பென்டேனுக்கு மூன்று மாற்றியம், மூன்று முன்னொட்டு. கணக்கு சரியாகப் பொருந்திற்று. ஹெக்சேனிலேயே உடைந்தது. அதற்கு ஐந்து மாற்றியங்கள். மூன்றுக்கு முன்னொட்டு கிடைத்தது. மற்ற இரண்டும் நடுத்தெருவில் நின்றன.

எத்தனை பெயர்கள்தான் தேவைப்படும்? இதற்கு விடை சொல்ல முன்வந்தவர் வேதியியலர் அல்ல. கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஆர்தர் கெய்லி. அதற்கு முன் 14 ஆண்டுகள் லண்டனில் வழக்கறிஞர் தொழில் பார்த்தவர். கிளைவிட்டுப் பிரியும் கோட்டுருவங்களை 'மரங்கள்' என்ற பெயரில் அவர் முன்பே ஆராய்ந்து வந்தார். 1874இலும் 1875இலும் அந்தக் கணிதத்தை ஹைட்ரோகார்பன்கள் மேல் பாய்ச்சினார். ஹெப்டேனுக்கு 9, ஆக்டேனுக்கு 18, நோனேனுக்கு 35, டெக்கேனுக்கு 75. பன்னிரண்டு கார்பனுக்கு 357, பதின்மூன்றுக்கு 799 என்றார். கடைசி இரண்டிலும் கை தவறிவிட்டது; சரியான விடைகள் 355, 802. சில ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. திருத்தம் சிறியதுதான். ஆனால் 802 பொருள்களுக்கு முன்னொட்டு தேடும் வேலையை யாரும் கையில் எடுக்கத் துணியவில்லை.

இதற்கிடையே நூலகத்தில் ஒரு நெருக்கடி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிரீட்ரிஷ் பைல்ஷ்டைன் என்பவர் அதுவரை அறியப்பட்ட கரிமச் சேர்மங்களைத் தொகுத்து 1880களின் தொடக்கத்தில் ஒரு கையேடு வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 15,000 சேர்மங்கள். ஒருவர் புதிதாக ஒரு பொருளைத் தயாரித்தால், அது ஏற்கெனவே யாராலோ தயாரிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எந்தப் பெயரில் தேடுவது? வைத்தவர் வெண்ணெயை நினைத்தாரா, மரத்தை நினைத்தாரா?

1889இல் பாரிசில் கூடிய பன்னாட்டு வேதியியல் மாநாடு இதற்காக ஒரு குழுவை அமைத்தது. தலைவர் ஷார்ல் ஃபிரிடெல். குழுவின் பிரெஞ்சு உறுப்பினர்கள் வரைவைத் தயாரித்தார்கள். 1892 ஏப்ரல் 19 அன்று ஜெனீவாவில் வாதம் தொடங்கியது.

ஒன்பது ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 34 பேர். மியூனிக்கிலிருந்து அடால்ஃப் ஃபான் பேயர், இளைஞரான எமில் ஃபிஷர், இத்தாலியின் மூத்தவர் கன்னிஸ்ஸாரோ, லண்டனிலிருந்து ஆர்ம்ஸ்ட்ராங், ராம்சே. இவர்களில் ஃபிஷர், ராம்சே, பேயர் மூவரும் பிற்பாடு நோபல் பரிசு பெற்றவர்கள். பெயர் வைப்பதற்காக இவ்வளவு பெரிய கூட்டம் அதற்கு முன் வேதியியலில் கூடியதில்லை.

முதல் கேள்வியே பெரிய கேள்வி: பெயர் எதற்கு? வகுப்பில் சொல்லவா, கட்டுரையில் எழுதவா, அகராதியில் தேடவா? மூன்றுக்கும் ஒரே பெயர் சரிப்படாது என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. அகராதிப் பக்கம் நின்றவர் பேயர். வழக்கில் உள்ள பெயர்கள் இருந்துவிட்டுப் போகட்டும். அட்டவணைகளிலும் அகராதிகளிலும் ஒரே தலைப்பின் கீழ் கிடைக்கும்படி ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஓர் அதிகாரப்பூர்வப் பெயர் வேண்டும் என்று மாநாடு தீர்மானித்தது. கட்டுரையாளர்கள் தாங்கள் விரும்பும் பெயருக்குப் பக்கத்தில் அதையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

அடுத்து வந்தது கிளை. விதி எளிமையாக இருந்தது. கிளையுள்ள ஹைட்ரோகார்பனை, நேரான ஒரு ஹைட்ரோகார்பனில் ஏதோ ஒட்டியிருப்பதாகப் பாவிக்க வேண்டும். வரைபடத்தில் எடுக்கக்கூடிய மிக நீளமான சங்கிலி எதுவோ அதன் பெயரே தாய்ப் பெயர். கிளைக்கு மிக அருகில் உள்ள முனையிலிருந்து எண்ண வேண்டும். முதல் நான்குக்கும் பழைய பெயர்களே: மீத்தேன், ஈத்தேன், புரப்பேன், பியூட்டேன். அதற்கு மேல் கிரேக்க எண்கள். சங்கிலி தெருவாயிற்று, கிளைக்குக் கதவு எண் கிடைத்தது.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு பொருளில் பார்த்துவிடலாம். எட்டு கார்பன் கொண்ட ஒரு மூலக்கூறு. தாளில் ஐந்து புள்ளிகளை வரிசையாக வைத்துக் கோட்டால் இணைக்க வேண்டும். இடமிருந்து இரண்டாவது புள்ளிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. நான்காவது புள்ளிக்கு மேலே ஒன்று. மொத்தம் எட்டு. எந்த ஓரத்திலிருந்து எந்த ஓரத்துக்குப் போனாலும் ஐந்துக்கு மேல் நீளம் கிடைக்காது. ஆகவே எட்டு கார்பன் இருந்தும் இது ஆக்டேன் அல்ல, பென்டேன். கிளைகள் மூன்றும் மெத்தில்கள். இடமிருந்து எண்ணினால் 2, 2, 4. வலமிருந்து எண்ணினால் 2, 4, 4. இரண்டு வரிசைகளிலும் முதல் எண் 2. இரண்டாவது எண்ணில்தான் வேறுபாடு. 2 என்பது 4ஐவிடச் சிறியது. எனவே 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன். இந்தப் பெயரை மட்டும் கேட்ட ஒருவர், பொருளைப் பார்க்காமலே, அதே எட்டுப் புள்ளிகளைத் திரும்ப வரைந்துவிடலாம். வேறு எந்த 17 ஆக்டேன் மாற்றியத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

ஜெனீவா விதிகள் எல்லாம் நிலைக்கவில்லை. கிளையின் மேல் இன்னொரு கிளை வந்தால் மெத்திலை 'மெத்தோ' என்றும் எத்திலை 'எத்தோ' என்றும் மாற்றச் சொன்னார்கள். அது சீக்கிரமே வழக்கொழிந்தது. இரு முனையிலிருந்தும் சம தூரத்தில் இரண்டு கிளைகள் இருந்தால் எளிய கிளைக்கே சிறிய எண் என்றார்கள். ஏழு கார்பன் சங்கிலியில் ஒரு பக்கம் மெத்தில், எதிர்ப்பக்கம் எத்தில் இருந்தால் ஜெனீவாவின்படி மெத்திலுக்கு 3, எத்திலுக்கு 5. இன்று தலைகீழ். அகரவரிசையில் முந்தியதற்குச் சிறிய எண்: 3-எத்தில்-5-மெத்தில்ஹெப்டேன்.

அகரவரிசை என்றால் ரோமன் எழுத்தின் வரிசை. தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு இங்கே ஒரு சின்ன இடறல். பியூட்டில், எத்தில், மெத்தில், புரப்பில் என்பது உலக வரிசை. நம் நெடுங்கணக்கில் அடுக்கினால் எத்தில், பியூட்டில், புரப்பில், மெத்தில் என்று வரும். பெயரைத் தமிழில் எழுதினாலும் வரிசையை மனதுக்குள் ஆங்கிலத்தில் போட்டுத்தான் எழுத வேண்டும். 'டை', 'ட்ரை' ஆகியவை அந்த வரிசையில் கணக்கில் வரா என்பது கூடுதல் விதி.

1911இல் பன்னாட்டு வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு இந்த வேலையைத் தொடர முயன்றது. மூன்றே ஆண்டில் உலகப் போர். 1919இல் ஐயுபிஏசி என்ற இன்றைய அமைப்பு பிறந்தபோது, வேதியியலில் முன்னணியில் இருந்த ஜெர்மனிக்கே அதில் முதலில் இடம் தரவில்லை. 1930இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில்தான் ஜெனீவா விதிகளின் திருத்திய பதிப்பு வெளிவந்தது. ஹாலந்தின் ஹோலெமன் தலைமை வகித்த அந்தக் குழுவில், அமெரிக்காவின் 'கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ்' இதழை முன்பு நடத்திய ஆஸ்டின் பேட்டர்சனும் இருந்தார். அட்டவணை தயாரிப்பவரின் தலைவலி என்னவென்று அனுபவித்து அறிந்தவர் அவர்.

பின்னால் வந்த விதிகளில் ஒன்று இன்றும் வகுப்பறைகளில் தவறாகச் சொல்லித்தரப்படுகிறது. கிளை எண்களின் கூட்டுத்தொகை குறைவாக வரும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது பல டியூஷன் நோட்டுகளில் உள்ள சூத்திரம். பெரும்பாலும் சரியான விடை வந்துவிடுவதால் யாரும் சந்தேகிப்பதில்லை. ஐயுபிஏசியின் விதிநூலே தரும் ஓர் எடுத்துக்காட்டு அதைக் கவிழ்த்துவிடும். 10 கார்பன் சங்கிலி, மூன்று மெத்தில். ஒரு முனையிலிருந்து 2, 7, 8. மறுமுனையிலிருந்து 3, 4, 9. முதலாவதன் கூட்டுத்தொகை 17, இரண்டாவதன் கூட்டுத்தொகை 16. சூத்திரத்தை நம்பினால் 3,4,9 வெல்ல வேண்டும். சரியான பெயரோ 2,7,8-ட்ரைமெத்தில்டெக்கேன். கூட்டுவது விதியில் இல்லை. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்து, முதன்முதலாக எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே எது சிறியது என்று பார்ப்பதுதான் விதி. முதல் எண்ணிலேயே 2 வென்றுவிட்டது.

விதிகள் இப்படிக் கூர்மையாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் சந்தை தன் போக்கில் போனது. 1920களில் கார் எஞ்சின்களில் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துத் தட்டும் ஓசை பெரிய தொல்லையாக இருந்தது. நேரான சங்கிலிகள் அழுத்தத்தில் தாமாகவே சட்டெனப் பற்றிக்கொள்ளும். கிளை மிகுந்தவை தாக்குப்பிடிக்கும். எத்தில் கார்ப்பரேஷனில் வேலைபார்த்த கிரகாம் எட்கர் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார். அடியில் நேரான ஹெப்டேன், மதிப்பு 0. அதை ஜெஃப்ரி பைன் என்ற கலிஃபோர்னிய மரத்தின் பிசினிலிருந்தே எடுத்துக்கொள்ள முடிந்தது. உச்சியில், தாளில் மேலே வரைந்த அதே எட்டுக் கார்பன் பொருள், மதிப்பு 100. ஒன்று 98 டிகிரியிலும் மற்றது 99 டிகிரியிலும் கொதிப்பதால் இரண்டையும் கலந்து ஒப்பிடுவது சுலபம்.

அந்தப் பொருளை எண்ணெய்த் தொழில் 'ஐசோ-ஆக்டேன்' என்றது. பழைய முன்னொட்டு வழக்கின்படி பார்த்தாலும் இது தவறு. ஐசோ-ஆக்டேன் என்றால் ஓரத்தில் ஒரே ஒரு கிளை, அதாவது 2-மெத்தில்ஹெப்டேன். ஆனாலும் பெட்ரோல் பங்க்கில் 91, 95 என்று சொல்லும் ஆக்டேன் எண்கள் அந்தத் தவறான பெயரின் வாரிசுகள்தாம். 91 என்றால், 91 பங்கு 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவுக்குத் தட்டுமோ அந்த அளவுக்கு இந்த பெட்ரோலும் தட்டும் என்று பொருள்.

புட்லெரோவின் பொருளுக்கும் அதே கதை. இன்று விற்கும் வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றின் பின்புற ஸ்டிக்கரில் 'ஆர்-600ஏ' என்று அச்சிட்டிருக்கும். குளிர்பதனத் துறை பியூட்டேனுக்கு 600 என்று எண் போட்டு, அதன் மாற்றியத்துக்கு 'ஏ' சேர்த்துக்கொண்டது. மெக்கானிக்குகள் ஐசோபியூட்டேன் என்பார்கள். 2013இல் வந்த ஐயுபிஏசி பரிந்துரைகளின் முதன்மைப் பெயர் 2-மெத்தில்புரப்பேன். மூன்று கார்பன் சங்கிலியில் கிளை நிற்க நடு இடத்தைத் தவிர வேறு இடமே கிடையாது. இருந்தாலும் '2' என்ற எண்ணை விடாமல் போடச் சொல்கிறது விதி.

கெய்லி தொடங்கிய எண்ணிக்கையை 1931இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹென்ஸும் பிளேரும் சரியான சூத்திரங்களோடு முன்னெடுத்தார்கள். 20 கார்பனுக்கு 3,66,319 மாற்றியங்கள். 30 கார்பனுக்கு 411 கோடியே 18 லட்சத்து 46 ஆயிரத்து 763. அவற்றில் ஒன்று மருந்துக்கடை அலமாரியில் இருக்கிறது. சுறா ஈரல் எண்ணெயிலிருந்து ஜப்பானின் சுஜிமோட்டோ பிரித்தெடுத்த ஸ்குவாலீனில் ஹைட்ரஜனை ஏற்றினால் கிடைப்பது ஸ்குவாலேன். முகத்துக்குப் பூசும் கிரீம்களில் சேர்க்கப்படுகிறது. அதன் விதிப்படியான பெயர் 2,6,10,15,19,23-ஹெக்சாமெத்தில்டெட்ராகோசேன். 24 கார்பன் சங்கிலி, ஆறு மெத்தில்கள். எந்த முனையிலிருந்து எண்ணினாலும் அதே ஆறு எண்கள்தான் வரும். 411 கோடிக்கும் மேற்பட்ட மாற்றியங்களில் இது எது என்று சொல்ல அந்த ஆறு எண்கள் போதும். கிரீம் டப்பாவில் மட்டும் ஸ்குவாலேன் என்றுதான் அச்சிடுகிறார்கள்.

ஷோர்லெம்மர் 1892 ஜூன் மாதம், ஜெனீவா மாநாடு முடிந்து இரண்டு மாதங்களில், மான்செஸ்டரில் காலமானார். மாநாடு மேசையிலேயே விட்டுச்சென்ற வேலை நிறைய இருந்தது. சங்கிலிக்கு விதி சொன்னவர்கள், அதன் இரு முனைகளும் சேர்ந்து வளையமானால் எந்தக் கார்பனை ஒன்று என்று எண்ணுவது என்பதைப் பெரும்பாலும் பிற்பாட்டுக்குத் தள்ளிவைத்தார்கள். பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நாப்தலீன், ஆந்த்ரசீன் குடும்பத்துக்கு எண் போட்ட சண்டையை அடுத்த இதழில் பார்க்கலாம்.